உங்கள் ஜாக்கெட் பேசாமல் இருக்க: பனிக்காலத்தில் பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு

கூந்தன்குளத்தில் பறவை பார்த்துப் பழகியவன் நான். பருத்திச் சட்டை, ரப்பர் செருப்பு, கழுத்தில் ஒரு பைனாகுலர், அவ்வளவுதான். உடுப்பு சத்தம் போடும் என்று அங்கே யாராவது சொல்லியிருந்தால் கேலி செய்திருப்பேன். கனடா வந்த முதல் ஜனவரியில் அந்தக் கேலி என் பக்கமே திரும்பிவிட்டது.

டொராண்டோவுக்குக் கிழக்கே, ஒன்டாரியோ ஏரியை ஒட்டிய ஒரு சின்னக் காடு. எட்டுப் பேர் போயிருந்தோம். செடார் மரமொன்றின் உள்கிளையில், நம் கண் உயரத்தில், சா-வெட் என்கிற குட்டி ஆந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பெரிய மாங்காய் அளவுதான் இருக்கும். கண் இரண்டும் கோடு போல மூடியிருந்தன. நான் பைனாகுலரைத் தூக்கினேன். கை இடுப்பிலிருந்து முகத்துக்கு வருவதற்குள் என் புது ஜாக்கெட்டின் கை விலாவில் உரசி ‘சர்ர்ரக்’ என்றது. ஆந்தை கண்ணைத் திறந்தது. மஞ்சளாக, பித்தளைப் பொத்தான் மாதிரி இரண்டு கண். ஆந்தை மட்டுமா பார்த்தது, மற்ற ஏழு பேரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

திரும்பி வரும்போது கூட நடந்த யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் மெல்லச் சொன்னார்: “தம்பி, குறை நினைக்காதையும். நீர் வாறதுக்கு முன்னமே உம்மட ஜாக்கெட் வந்து சேருது.”

அவர் மேலே போட்டிருந்தது ஒரு பழைய கம்பளி ஸ்வெட்டர். அவர் உடம்புக்கு இரண்டு அளவு பெரியது, முழங்கை தேய்ந்தது. அதற்குள்ளே என்னுடையதைப் போலவே ஒரு ஜாக்கெட் இருந்தது என்பதை அவர் கழுத்தைத் திறந்து காட்டியபோதுதான் கண்டேன். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவதில் பாதி அந்த ஸ்வெட்டரில் இருக்கிறது.

சத்தம் யாருக்குக் கெடுதல்?

பறவை பறந்துவிடும், மான் ஓடிவிடும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். அது உண்மைதான். ஆனால் முதலில் செவிடாவது நாம்தான். பனிக்காலக் காட்டில் கண்ணை விடக் காதுக்குத்தான் வேலை அதிகம். பிளாக்-கேப்ட் சிக்கடி என்றொரு பறவை இருக்கிறது. எடை பத்துப் பன்னிரண்டு கிராம். ஆபத்தைக் கண்டால் ‘சிக்-அ-டீ-டீ-டீ’ என்று கத்தும். வேட்டைப் பறவை எவ்வளவு ஆபத்தானதோ அவ்வளவு ‘டீ’ கூடும் என்று 2005இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பெரிய கொம்பு ஆந்தையைப் பார்த்துப் போடுவதை விட, சிறு பறவைகளை லாகவமாகப் பிடிக்கும் குட்டி ஆந்தையைப் பார்த்து அதிக ‘டீ’ போடுகின்றன. ஆக, ஒரு மரத்தைச் சுற்றி ஐந்தாறு சிக்கடிகள் நீளமாக டீ-டீ-டீ போட்டால் அந்த மரத்தில் ஆந்தை இருக்க வாய்ப்பு உண்டு. உங்கள் ஜாக்கெட் நடக்க நடக்க சரசரத்துக்கொண்டே வந்தால் அந்தச் சேதி உங்களுக்கு வந்து சேராது.

கோல்டன்-கிரவுண்ட் கிங்லெட் கதை இன்னும் மோசம். ஐந்தாறு கிராம் எடையுள்ள அந்தப் பறவையின் குரல் ஊசி போல மெல்லியது, 8,000 ஹெர்ட்ஸ் அருகே. நைலான் உரசும் சத்தமும் அந்த உயர்ந்த சுருதிப் பக்கம்தான் நிறைய. ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது

புதுசாகக் கஞ்சி போட்ட வேட்டி நடக்கும்போது சரசரக்கும். பத்து முறை துவைத்த வேட்டி வாயைத் திறக்காது. இங்கேயும் அதே கதைதான். இறுக்கமாக நெய்த, மேலே பூச்சு பூசிய, வழவழப்பான துணி விறைப்பாக நிற்கும். மடங்கும்போது ஒவ்வொரு மடிப்பும் ‘டக்’கென்று நிமிரும், உரசும்போது கீச்சிடும். காற்றையும் மழையையும் தடுக்கிற பெரும்பாலான மேலங்கிகள் இந்த ரகம். உள்ளே இறகு அடைத்து உப்பலாகத் தைத்த பஃபர் ஜாக்கெட்டின் மெல்லிய நைலானும் இதில் சேர்த்திதான்.

இதற்கு நேர் எதிர் ஆந்தையின் சிறகு. ஆந்தை சத்தமில்லாமல் பறப்பது எப்படி என்று 1934இல் கிரஹாம் என்பவர் எழுதிய கட்டுரையில் மூன்று காரணங்களைச் சொன்னார். சிறகின் முன்விளிம்பில் சீப்புப் பல் போன்ற அமைப்பு, பின்விளிம்பில் குஞ்சம், மேற்பரப்பில் வெல்வெட் போன்ற மென்ரோமம். முதல் இரண்டும் காற்றைச் சமாளிக்க. மூன்றாவது நமக்கு வேண்டியது: ஓர் இறகு இன்னோர் இறகின் மேல் வழுக்கும்போது நடுவே இந்த ரோமம் மெத்தை மாதிரி நின்று உரசலை விழுங்கிவிடுகிறது. ஃப்ளீஸ் என்கிற மெத்தென்ற செயற்கை ரோமத் துணி, கம்பளி, வெல்வெட் எல்லாம் செய்வது இதே வேலைதான். துணி மெல்லியதா கனமானதா என்று பார்க்காதீர்கள். மேலே ரோமம் இருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் வேலை வீட்டுக்குள்ளே

எதையும் வாங்குவதற்கு முன்னால், இருப்பதையெல்லாம் போட்டுக்கொள்ளுங்கள். பூட்ஸ், பை, பைனாகுலர் உட்பட. வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு ஃப்ரிட்ஜ் இரையாத அறையாகப் பார்த்து நில்லுங்கள். போனில் குரல் பதிவை ஓடவிட்டு இரண்டடி தள்ளி வைத்துவிட்டு இதைச் செய்யுங்கள்: பத்து அடி நடை, கையை முகத்துக்குத் தூக்கல், கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பல், குந்தி எழுதல், பாக்கெட்டில் கைவிட்டு எடுத்தல். ஒவ்வொன்றுக்கும் முன்னால் அது என்ன என்று வாயால் சொல்லிக்கொள்ளுங்கள். பிறகு ஹெட்போனில் கேளுங்கள்.

என் பதிவைக் கேட்டு நானே அரண்டுபோனேன். ஜாக்கெட் கையைப் பற்றி முன்பே தெரியும். தெரியாமல் இருந்தவை வேறு: ஜிப்பின் இரும்பு நாக்கு ஒவ்வோர் அடிக்கும் ‘டிக் டிக்’, பாக்கெட்டில் வீட்டுச் சாவி, பைனாகுலரின் மூடி மார்புப் பொத்தானில் தட்டுவது, ஷூ லேஸின் பிளாஸ்டிக் முனை பூட்ஸில் அடிப்பது. இவற்றையெல்லாம் ஒரே மாலையில் சரி செய்துவிடலாம். ஜிப் நாக்கைக் கழற்றிவிட்டு ஒரு நூல்கயிற்றைக் கட்டுங்கள்; கழற்ற வராவிட்டால் துணி டேப் சுற்றுங்கள். சாவியை ஒரு பழைய சாக்ஸில் போடுங்கள். லேஸ் முனையை பூட்ஸுக்குள் செருகுங்கள். பைனாகுலர் மூடியைக் காரிலேயே விட்டுவிடுங்கள்.

வெல்க்ரோ தனி ஜாதி. துணிக்கடையில் மீட்டர் அளந்து கிழிப்பார்களே, அதே சத்தம். பாக்கெட், கையுறை, கைப்பட்டி எதில் வெல்க்ரோ இருந்தாலும் காட்டுக்குள் அதைத் தொடாதீர்கள். என் ஜாக்கெட் பாக்கெட்டில் வெல்க்ரோவின் சொரசொரப் பக்கத்தின் மேல் ஒரு துண்டு ஃப்ளீஸை அமுக்கி ஒட்டவைத்துவிட்டேன். மூன்று வருடமாக அப்படியே இருக்கிறது.

எது மேலே, எது உள்ளே

குளிர் உடுப்பு பற்றி எல்லாரும் சொல்கிற வரிசை உங்களுக்குத் தெரிந்திருக்கும்: உடம்போடு ஒட்டி வியர்வையை வெளியேற்றும் மெல்லிய உள்ளுடை, அதற்கு மேல் சூட்டைப் பிடித்துவைக்கும் ஃப்ளீஸோ பஃபரோ, எல்லாவற்றுக்கும் மேலே காற்றையும் ஈரத்தையும் தடுக்கும் ஷெல். மலையேறுகிறவர்களுக்கு அது சரி. சும்மா நின்று கவனிக்கிற நமக்கு அந்த வரிசையைக் கடைசியில் தலைகீழாக்க வேண்டும். சத்தம் போடுவதை உள்ளே தள்ளுங்கள், பேசாததை வெளியே போடுங்கள்.

அதாவது உள்ளுடை, அதன் மேல் பஃபர், அதன் மேல் காற்றுத் தடுக்கும் மெல்லிய ஷெல், எல்லாவற்றுக்கும் மேலே பெரிய அளவில் ஒரு ஃப்ளீஸ் அல்லது கம்பளி. ஃப்ளீஸுக்குள் காற்று சல்லடை போல நுழையும் என்பார்கள். நுழையட்டும், உள்ளே ஷெல் இருக்கிறது. உள்ளே இருக்கும் நைலானும் உரசத்தான் செய்யும், ஆனால் மேலே இருக்கும் ரோமம் அதை அமுக்கிவிடும். பெரியவரின் ஸ்வெட்டர் செய்தது இதைத்தான்.

இதில் ஒரே நிபந்தனை அளவு. மேலே போடுவது இறுக்கமாக இருந்தால் உள்ளிருக்கும் பஃபரின் இறகுகள் நசுங்கிவிடும். சூட்டைப் பிடிப்பது இறகுக்கு நடுவே நிற்கும் காற்றுதான். நசுங்கினால் காற்று போய்விடும், சத்தமில்லாமல் விறைத்துச் சாவோம். வழக்கமான அளவை விட ஒன்று, முடிந்தால் இரண்டு பெரியதாக எடுங்கள். இதற்குப் புதுசு வாங்க வேண்டாம். வேல்யூ வில்லேஜ் போன்ற பழைய துணிக்கடைகளில் ஆண்கள் பகுதியில் பெரிய அளவுக் கம்பளி ஸ்வெட்டர்கள் வரிசையாகத் தொங்கும். அழகு பார்க்காதீர்கள். முன்னால் பொத்தான் வைத்த கம்பளிச் சட்டை கிடைத்தால் இன்னும் நல்லது, தலைவழியாக மாட்டிக் கழற்றும் ரோதனை இருக்காது.

கடையில் ஒரு துணியைச் சோதிக்க நகம் போதும். காதருகே வைத்து நகத்தால் வேகமாக ஒரு கீறு கீறுங்கள். ‘விர்ர்’ என்று கேட்டால் வைத்துவிட்டு வாருங்கள். ஒன்றும் கேட்காவிட்டால் இரண்டு கையாலும் கசக்குங்கள். அதிலும் பேசாவிட்டால் அது நம் துணி.

ஆனால் கடை சூடாக இருக்கும் என்பதை மறக்கவேண்டாம். 20 டிகிரியில் பேசாத துணி பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் பேச ஆரம்பித்துவிடும். பிளாஸ்டிக் பூச்சும் ரப்பர் பூச்சும் குளிரில் அப்பளம் மாதிரி விறைத்துவிடும். வாங்கி வந்ததும் விலைச் சீட்டைப் பிய்க்காமல் ஓர் இரவு பால்கனியில் தொங்கவிடுங்கள். காலையில் வெளியே நின்றபடியே நகச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். கோடையில் வாங்கினால் ஒரு பையில் சுற்றி ஃப்ரீசரில் வைக்கலாம். வீட்டில் திட்டு விழும், நான் பொறுப்பல்ல.

காசு செலவழிக்கத் தயாராக இருப்பவர்களுக்கு இரண்டு பெயர். ஆல்ப்ஸ் மலைப்பக்கத்து, குறிப்பாக ஆஸ்திரியாவின் டிரோல் பகுதி, லோடன் கம்பளி. அங்கே வேட்டைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக உடுத்துவது. கம்பளியைச் சுருங்கவைத்து அடர்த்தியாக்குவதால் காற்றும் தூறலும் எளிதில் நுழையாது. இன்னொன்று வென்டைல். இரண்டாம் உலகப் போரில் கடலில் விழும் விமானிகள் குளிரில் உறைந்து சாகாமல் இருக்க இங்கிலாந்தில் உருவாக்கிய பருத்தித் துணி. நனைந்ததும் நூல் உப்பி இடுக்கை அடைத்துக்கொள்ளும், பூச்சு தேவையில்லை, அதனால் சரசரப்பும் குறைவு. இரண்டும் விலை அதிகம். பழைய ஸ்வெட்டரே போதும் என்பதுதான் என் கட்சி.

ஒரு விதிவிலக்கு: பூஜ்யத்தை ஒட்டி ஈரப் பனியோ மழையோ பெய்யும் நாளில் இந்தத் தலைகீழ் வரிசை ஆகாது. கம்பளி நனைந்து கனத்துவிடும், சீக்கிரம் காயாது. அன்று ஷெல்லை மேலேயே போடுங்கள். மழையே இலையில் பட்டுச் சத்தம் போடுகிற நாளில் உங்கள் சரசரப்பு யார் காதிலும் விழாது.

தொடை, தலை, கை

ஸ்னோ பேன்ட் போட்டு நடந்தால் இரண்டு தொடையும் உரசி ‘ஸ்விக் ஸ்விக்’ என்று தாளம் போடும். கொஞ்சம் கால்களை அகட்டி நடப்பது உதவும், ஆனால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் அப்படி நடந்தால் இடுப்பு வலிக்கும். ஸ்னோ பேன்டுக்கு மேலே பெரிய அளவில் ஒரு ஃப்ளீஸ் பைஜாமா போட்டுவிடுங்கள். தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்கள். பார்க்கட்டும். தொளதொளவென்ற கம்பளிக் கால்சட்டை கிடைத்தால் உள்ளே இரண்டு அடுக்கு போட்டு அதோடு நிறுத்தலாம். ஃப்ளீஸில் பனித்தூள் அப்பிக்கொள்ளும், முள்விதைகள் ஒட்டிக்கொள்ளும். அது ஒரு தொல்லைதான்.

ஜாக்கெட்டோடு சேர்த்துத் தைத்த தலைமூடி, அதாவது ஹூட், தலையில் இருக்கக் கூடாது. அது காதின் மேலேயே உரசுவதால் வெளியில் கேட்பதை விடப் பல மடங்கு உங்களுக்குக் கேட்கும். கழுத்தைத் திருப்பினால் ஹூட் திரும்பாது, முகம் மட்டும் அதற்குள் திரும்பும். மாட்டு வண்டியின் கூண்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும். அதற்குப் பதில் கம்பளித் தொப்பி, இங்கே டூக் என்பார்கள், கூடவே கழுத்தைச் சுற்றி ஒரு ஃப்ளீஸ் குழாய்.

தொப்பியிலும் ஒரு சிக்கல் உண்டு. காதை மூடிவிட்டால் நாம் எவ்வளவு சத்தம் போடுகிறோம் என்பதே நமக்குத் தெரியாமல் போகும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நின்று, தொப்பியை ஒரு பக்கம் தூக்கி, அரை நிமிடம் கேட்டுவிட்டு இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். காற்றோடு சேர்த்து உணரப்படும் குளிர், அதாவது விண்ட் சில், பூஜ்யத்துக்குக் கீழே 28ஐத் தொட்டுவிட்டால் திறந்த தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைய ஆரம்பிக்கலாம். முதலில் போவது காது மடலும் மூக்கு நுனியும் விரலும்தான்.

கைக்கு மெல்லிய கம்பளிக் கையுறை ஒன்று, அதன் மேல் விரல் பிரிவு இல்லாத பெரிய மிட்டன் ஒன்று. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கட்டுவது போல இரண்டு மிட்டனையும் ஒரு கயிற்றில் கோத்துத் தோள்வழியாகப் போட்டுக்கொள்ளுங்கள். படமெடுக்கும் அவசரத்தில் கையை உதறினால் அது கீழே விழாமல் தொங்கும்; பாக்கெட்டில் திணிக்கிற சத்தமும் மிச்சம். உதறினால் சூடேறும் ஹீட் பேக் கொண்டுபோனால் காரிலேயே உறையைப் பிரியுங்கள். காற்றுப் பட்டால்தான் அது சூடாகும், அதற்கும் பத்துப் பதினைந்து நிமிடம் வேண்டும். அந்தப் பிளாஸ்டிக் உறையின் கலகலப்பைக் காட்டில் யாருக்கும் கேட்கவைக்க வேண்டாம்.

தீனியும் இதே கதைதான். சிப்ஸ் பாக்கெட் கூடவே கூடாது. பேரீச்சம்பழம், திராட்சை, வறுக்காத முந்திரி, இவற்றை ஒரு துணிப் பையில் கட்டி எடுத்துப்போங்கள். வாழைப்பழம் கறுத்துக் கல்லாகிவிடும். ஒருமுறை நான் முறுக்கு கொண்டுபோனேன். அதைப் பற்றி மேற்கொண்டு பேச விரும்பவில்லை. குளிரில் மூக்கு ஒழுகும், டிஷ்யூ பாக்கெட்டும் கலகலக்கும். பழைய பருத்திக் கைக்குட்டை இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காலடி

உடுப்பைச் சரி செய்துவிட்டால் மிச்சம் இருப்பது பனி. எல்லாப் பனியும் ஒன்றல்ல. நேற்று இரவு விழுந்த பஞ்சுப் பனி சத்தத்தை விழுங்கும். அதில் பூனை மாதிரி நடக்கலாம். ஒருநாள் வெயிலில் உருகி இரவில் உறைந்த பனிக்கு மேலே ஓடு கட்டியிருக்கும். ஒவ்வோர் அடியும் அப்பளக் கட்டை மிதித்த மாதிரி நொறுங்கும். அப்படிப்பட்ட நாளில் ஆட்கள் நடந்து அமுங்கிய பாதையை விட்டு விலகாதீர்கள், அல்லது காலை வெயில் ஏறி ஓடு இளகும்வரை காத்திருங்கள்.

மூன்றாவது வகைதான் நம் ஊர்க்காரர்களுக்குப் புதுசு. பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 10 டிகிரியைத் தாண்டிக் குளிர்ந்தால் அமுங்கிய பாதைப் பனியே ‘கிரீச் கிரீச்’ என்று கத்தும். அவ்வளவு குளிர் இல்லாதபோது மிதிபடும் பனித்துகள் லேசாக இளகி வழுக்கிக்கொடுக்கும். குளிர் கூடினால் இளகாது, உடையும். நூறாயிரம் குட்டிக் கண்ணாடி உடைகிற சத்தம் அது. இதற்கு மருந்து இல்லை. பாதையோரத்தில் யாரும் மிதிக்காத பனியில் நடப்பதும், அடிகளைக் குறைப்பதும்தான் வழி.

அதிலும் அமைதியான, தெளிந்த வான விடியலில் தரையை ஒட்டிய காற்று மேலிருக்கும் காற்றை விடக் குளிர்ந்து கிடக்கும். அப்போது மேலே போகவேண்டிய ஒலி வளைந்து திரும்பத் தரைக்கே வரும். எங்கோ போகிற ரயிலின் ஊதல் அடுத்த தெருவில் கேட்பது அதனால்தான். உங்கள் சத்தமும் அதே மாதிரி தூரம் போகும்.

வழுக்காமல் இருக்க பூட்ஸில் மாட்டும் இரும்பு முள் பனிக்கட்டிக்கு மட்டும். பலகைப் பாதையில் அதோடு ஏறினால் தகரக் கொட்டகையில் குதிரை ஓடுவது போல இருக்கும். ஒன்டாரியோ மாகாணத்தின் அல்கோன்குவின் பூங்காவில் 60ஆம் நெடுஞ்சாலையின் 42.5ஆவது கிலோமீட்டரில் ஸ்ப்ரூஸ் பாக் என்கிற சதுப்புப் பலகைப் பாதை இருக்கிறது. கனடா ஜே பறவை பார்க்க எல்லாரும் போகிற இடம். அங்கே பலகை தானாகவே குளிரில் ‘டக்’கென்று முறியும் சத்தம் போடும், நாம் வேறு சேர வேண்டாம். ஏறுமுன் முள்ளைக் கழற்றிவிடுங்கள். பலகையின் நடுவில் மிதிக்காமல், கீழே கட்டை தாங்குகிற இடமாகப் பார்த்து மிதித்தால் முனகல் குறையும். ஆணித் தலை தெரிகிற வரிசைதான் அது.

நடக்கும் விதத்தில் நான் கடைப்பிடிப்பது இதுதான்: ஐந்தாறு அடி, பிறகு ஒரு நிமிடம் நிற்றல். ஒரே சீராகத் தொம் தொம் என்று வருவது மனிதன் மட்டும்தான் என்று காட்டில் எல்லாருக்கும் தெரியும். முடிந்தால் வேறு சத்தத்துக்குள் ஒளிந்துகொள்ளுங்கள். ஸ்கார்பரோவை ஒட்டிய ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவில் இதற்குப் பஞ்சமே இல்லை. 401 நெடுஞ்சாலை பூங்காவையே குறுக்கே வெட்டிப் போகிறது, ஏரிக்கரையில் ‘கோ’ என்கிற புறநகர் ரயில் ஓடுகிறது. ரயில் வரும்போது நடப்பேன், மூக்கைச் சிந்துவேன், ஜிப்பைத் திறப்பேன். ரயில் போனதும் மரமாகிவிடுவேன்.

நிற்பதற்கு உடுத்துங்கள், ஆனால் நடக்கும்போது கழற்றுங்கள்

புதிதாக வருகிறவர்கள் செய்யும் பெரிய தப்பு, காரிலிருந்து இறங்கும்போதே எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு நடப்பது. கால் மணி நேரத்தில் வியர்த்துவிடும். பிறகு நின்றதும் அந்த ஈரம் ஐஸாக முதுகில் ஒட்டும். நடுங்குகிறவனால் சத்தமில்லாமல் நிற்க முடியாது. காலை உதைப்பான், கையைத் தேய்ப்பான். மேலே சொன்ன பஃபரை முதுகுப் பையில் வைத்துக்கொண்டு, லேசாகக் குளிர்கிற அளவுக்கு மட்டும் உடுத்தி நடங்கள். போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு ஒரு நூறு மீட்டர் முன்னாலேயே நின்று எல்லாவற்றையும் உடுத்திக்கொள்ளுங்கள். பை ஜிப், பொத்தான், இருமல் எல்லாம் அங்கேயே முடியட்டும். பருத்தியை உடம்போடு ஒட்டிப் போடாதீர்கள், நனைந்தால் காயாது. அம்மா அனுப்பிய பனியனானாலும் சரி.

காலுக்கடியில் ஒரு ஃபோம் துண்டைப் போட்டு அதன்மேல் நின்றால் குளிர் ஏறாது. வெறும் ஃபோம் பூட்ஸுக்கடியில் கீச்சிடும், ஒரு பழைய கம்பளித் துண்டால் அதைச் சுற்றித் தைத்துக்கொள்ளுங்கள். விரல் சொன்னபடி கேட்கவில்லை, பேச்சு குழறுகிறது, கால் தடுமாறுகிறது என்றால் அங்கேயே கணக்கை முடித்துவிட்டுக் காருக்குத் திரும்புங்கள், எவ்வளவு சத்தம் போட்டாலும் பரவாயில்லை.

கூட ஆள் இருந்தால் பேசத்தான் தோன்றும். குசுகுசுவென்று காற்றால் பேசினால் ‘ஸ்’, ‘ச்’ எல்லாம் சீறிக்கொண்டு போகும். அதை விட அடித்தொண்டையில் தணிந்த குரலில் இரண்டு வார்த்தை சொல்வது மேல். அதை விடக் கையால் காட்டுவது மேல். நானும் பெரியவரும் வைத்திருக்கும் சைகை மூன்றே மூன்று: நில், மேலே பார், போதும் போகலாம்.

நவம்பரில் மான் வேட்டை நடக்கிற பகுதிகளுக்குப் போவதாக இருந்தால், எல்லாவற்றுக்கும் மேலே பளிச்சென்ற ஆரஞ்சு நிற கையில்லாத ஃப்ளீஸ் சட்டை ஒன்று போடுங்கள். சத்தமில்லாமல் புதருக்குள் அசைகிற உருவத்தை வேட்டைக்காரர் மான் என்று நினைத்துவிடக் கூடாது. மானின் கண்ணுக்கு ஆரஞ்சு நமக்குப் போலப் பளிச்சென்று தெரியாது, அதனால் நட்டம் ஒன்றும் இல்லை. பிளாஸ்டிக் மாதிரி இருக்கும் மலிவான ஆரஞ்சுச் சட்டை வேண்டாம். அது சிப்ஸ் பாக்கெட்டுக்கு அண்ணன்.

எவ்வளவு கிட்டப் போகலாம்

சத்தம் வராமல் நடக்கக் கற்றுக்கொண்டதும் ஒரு மமதை வரும். இன்னும் ஓர் அடி, இன்னும் ஓர் அடி என்று போகச் சொல்லும். தூங்குகிற ஆந்தை கண்ணைத் திறந்து உங்களையே பார்த்தால், உடம்பை நீட்டி ஒல்லியாக்கிக் கிளையோடு ஒட்டினால், நீங்கள் ஏற்கெனவே அதிகம் போய்விட்டீர்கள். வந்த வழியே பின்னுக்கு நடங்கள். பகலில் அதை எழுப்பிப் பறக்கவைத்தால் காகமும் ஜே பறவையும் கூடித் துரத்தும். பனிக்காலத்தில் வீணாகும் சக்தியைத் திரும்பச் சேர்ப்பது அதற்கு எளிதல்ல. அது உட்காரும் மரத்தை ஊருக்கெல்லாம் சொல்லவும் வேண்டாம்.

போன ஜனவரியில் அதே ஏரியோரக் காட்டுக்குப் போனேன். மேலே கம்பளிச் சட்டை, கீழே ஃப்ளீஸ் பைஜாமா. காரிலிருந்து இறங்கிக் கதவை அறையாமல், இடுப்பால் மெல்லத் தள்ளிச் சாத்தினேன். அரை மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு இடது பக்கம் சிக்கடி ஒன்று டீ-டீ போட்டது, அப்புறம் இன்னொன்று, அப்புறம் நாலைந்து சேர்ந்து. நின்ற இடத்திலிருந்தே பைனாகுலரைத் தூக்கினேன். கை முகத்துக்கு வந்து சேர்ந்தது எனக்கே கேட்கவில்லை. செடாரின் உள்ளே, தண்டை ஒட்டி, இரண்டு கண்ணும் கோடாக மூடியபடி இருந்தது.

இருபது நிமிடம் பார்த்துவிட்டு வந்த தடத்திலேயே திரும்பினேன். முறுக்கு டப்பா காரில் இருந்தது. கதவைச் சாத்திய பிறகுதான் திறந்தேன்.